ஏட்டில் நின்ற காவலர்கள்: ஆப்கன் படைகளின் சம்பளப் பட்டியல், 2009–2021

2009-ல் ஆப்கானிஸ்தானின் மைதான் வர்தக் மாகாணத்தில் ஐம்பது சொச்சம் போலீஸ்காரர்களுக்குச் சம்பளம் முதல் தடவையாக செல்போன் வழியாக வந்தது. அதுவரை ரொக்கமாகக் கையில் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். போனில் வந்த தொகையைத் தெரிந்துகொண்டதும், சம்பளம் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். யாரும் கூட்டவில்லை. தங்கள் பெயருக்கு எழுதப்பட்டிருந்த முழுச் சம்பளம் அன்றைக்குத்தான் அவர்கள் கைக்கு வந்து சேர்ந்தது.

ராணுவத்தில் ஊழல் என்றால் நமக்கு உடனே ஞாபகம் வருவது பீரங்கி பேரமும் ஹெலிகாப்டர் பேரமும்தான். ஆளெடுப்பு, வருகைப் பதிவு, இடமாற்றம், பதவி உயர்வு, சம்பளப் பட்டுவாடா இவற்றில் நடப்பது அவ்வளவாகச் செய்தியாவதில்லை. ஊழலைக் கண்காணிக்கும் டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் அமைப்பின் பாதுகாப்புத் துறை நேர்மைக் குறியீடு ஐந்து ஆபத்துப் பகுதிகளைப் பார்க்கிறது, அதில் ஒன்று முழுக்கப் பணியாளர் நிர்வாகம். அந்தப் பகுதியில் ஒரு கேள்வி உண்டு: கட்டளை இறங்கும் வழியும் சம்பளம் இறங்கும் வழியும் தனித்தனியாக இருக்கின்றனவா? ஆப்கன் படைகளின் கதையை இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டே முழுசாகச் சொல்லிவிடலாம் என்பது என் எண்ணம். சம்பந்தப்பட்ட தனிமனிதர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன், யார் எந்தப் பொறுப்பில் இருந்தார் என்பது தெரிந்தால் இங்கே போதும்.

பின்னணி

2001-ல் தாலிபான் ஆட்சி விழுந்த பிறகு ஆப்கன் ராணுவமும் போலீசும் ஏறக்குறைய அடியிலிருந்து கட்டப்பட்டன. காசு வெளியிலிருந்து வந்தது. ராணுவச் சம்பளத்தின் பெரும்பகுதியை அமெரிக்கா கொடுத்தது. போலீஸ் சம்பளம் ஐ.நா. வளர்ச்சித் திட்டம் 2002-ல் தொடங்கிய ஓர் அறக்கட்டளை நிதி வழியாகப் பல நாடுகளின் பணத்தில் போனது. 2021 வரை ஆப்கன் பாதுகாப்புப் படைகளுக்கென்று அமெரிக்கா ஒதுக்கிய மொத்தத் தொகை சுமார் 8,800 கோடி டாலர்.

எத்தனை பேர் இருக்கலாம் என்பதற்கு ஒரு பட்டியல் உண்டு, அதைத் தாரி மொழியில் தஷ்கீல் என்பார்கள். எந்தப் பிரிவில் எந்தப் பதவிக்கு எத்தனை இடம் என்று அதில் இருக்கும். கடைசியில் நிலைபெற்ற மொத்தக் கணக்கு 3,52,000. அந்த எண்ணிக்கையை எட்டுவதே பல வருடங்களுக்குப் பெரிய இலக்காக இருந்தது. இத்தனை பேரைச் சேர்த்துவிட்டோம் என்று வாஷிங்டனில் காட்ட வேண்டியவர்களுக்கும், இத்தனை பேருக்குச் சம்பளம் வேண்டும் என்று கேட்கிற காபூல் அமைச்சகங்களுக்கும், அந்த எண் நிரம்பியிருப்பதில்தான் லாபம். எண்ணைக் குறைத்துச் சொல்வதால் லாபம் அடையக்கூடிய ஒரே ஒரு ஆள்கூட இந்த ஏற்பாட்டில் இல்லை. பின்னால் நடந்ததில் பாதிக்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

சம்பளம் எப்படிப் போனது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். காவல் சாவடியிலோ முகாமிலோ தினசரி வருகை காகிதத்தில் எழுதப்படும். எழுதுபவர் தளபதியின் ஆள். மாதக் கடைசியில் அது கூட்டப்பட்டு மாவட்டம், மாகாணம் என்று மேலே போகும், போகிற வழியில் யாரும் அந்த முகாமுக்குப் போய்த் தலையை எண்ணிப் பார்ப்பதில்லை. அந்தக் கூட்டுத்தொகையை வைத்துப் பணம் ஒதுக்கப்படும். வங்கிக் கிளை உள்ள ஊர்களில் கணக்கில் விழும். இல்லாத இடங்களில் மோத்தமெத் என்று அழைக்கப்பட்ட, அமைச்சகம் நியமித்த நம்பிக்கையாளர் ஒருவர் மொத்தத் தொகையையும் ரொக்கமாக எடுத்துக்கொண்டு போய் ஆளுக்கு ஆள் கொடுப்பார். சிப்பாய்களில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தனக்கு எவ்வளவு எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்க முடியாதவரிடம் கொடுப்பதுதான் சம்பளம்.

கணக்கு புரிவதற்காக ஒரு சாவடியை எடுத்துக்கொள்வோம். 2009 கடைசியில் புதிதாகச் சேரும் ஒருவருக்கு அடிப்படைச் சம்பளம் மாதம் 165 டாலர். பட்டியலில் இருபது பேர், நிஜத்தில் பன்னிரண்டு பேர் என்றால் எட்டுப் பேர் சம்பளம் 1,320 டாலர். அதோடு முடியவில்லை, சாப்பாட்டுக் காசும் தலைக்கு இவ்வளவு என்றுதான் வரும். எரிபொருளும் தோட்டாவும்கூட ஆள் கணக்கை ஒட்டித்தான் கேட்கப்படும்.

இல்லாத பெயர் எப்படி உருவாகிறது? சில பெயர்கள் முதலிலிருந்தே கற்பனை. ஆனால் அதிகம் இருந்தது வேறு வகை: ஒருவர் வேலையை விட்டு ஓடிவிடுவார், அல்லது சண்டையில் இறந்துவிடுவார், பெயரை மட்டும் யாரும் அடிக்க மாட்டார்கள். ஆப்கன் ராணுவத்தில் ஒரு கட்டத்தில் வருடத்துக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆட்கள் மாற்றி நிரப்பப்பட வேண்டியிருந்தது. அவ்வளவு பேர் வெளியேறுகிற படையில் புதிதாக ஒரு பொய்ப் பெயரை எழுதவே தேவையில்லை, பழைய பெயரை அடிக்காமல் விட்டாலே போதும். ஆப்கன் மக்கள் இவர்களைக் கியாலி, அதாவது கற்பனைச் சிப்பாய்கள் என்றார்கள்.

இதற்கு அடியில் இன்னொரு விஷயம் ஓடியது. பதவிகள் விற்கப்பட்டன. குறிப்பாக அபின் கடத்தும் வழிகளிலும் சுங்கம் வசூலாகும் எல்லைகளிலும் போலீஸ் பொறுப்பு வாங்கப் பெரிய தொகைகள் கைமாறின. அப்படிக் காசு கொடுத்து வந்தவர் போட்ட முதலை எடுத்தாக வேண்டும். எடுப்பதற்கு மிகச் சுலபமான இடம் தனக்குக் கீழே இருக்கும் சம்பளப் பட்டியல். நியமனத்தில் நடக்கும் ஊழலையும் சம்பளத்தில் நடக்கும் ஊழலையும் தனித்தனிப் பிரச்சினைகளாகப் பார்த்துத் தனித்தனியாகத் தீர்க்கப் போனால் இரண்டும் தீராது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

வர்தக்: முதல் சோதனை

முதலில் சொன்ன செல்போன் சம்பளத்துக்கு வருவோம். ரோஷன் என்ற ஆப்கன் தொலைத்தொடர்பு நிறுவனம் எம்-பைசா என்ற பெயரில் செல்போன் பணச் சேவையைத் தொடங்கியிருந்தது, கென்யாவில் ஓடிய எம்-பெசாவின் தம்பி என்று சொல்லலாம். அதை வைத்து போலீஸ் சம்பளத்தைக் கொடுத்துப் பார்க்கலாம் என்று முடிவானது. காரணம் எளிது. பாதை ஆபத்தானது, வங்கிக் கிளை தூரம், ரொக்கம் எடுத்துப் போகிறவர் வழியிலேயே கொஞ்சம் எடுத்துக்கொள்கிறார். செல்போன் கோபுரம் இருக்கிற இடத்துக்குப் பணம் யார் கையும் படாமல் போய்ச் சேரும். குறுஞ்செய்தியைப் படிக்கத் தெரியாதவர்களுக்காகத் தாரியிலும் பஷ்தோவிலும் குரல் வழியாகவே சொல்லும் ஏற்பாடும் செய்தார்கள். இந்தச் சின்ன விஷயம்தான் அந்தத் திட்டத்தின் உயிர் என்று நினைக்கிறேன், ஏனென்றால் தன் சம்பளம் எவ்வளவு என்று ஒரு போலீஸ்காரர் யாரையும் கேட்காமல் தானே தெரிந்துகொண்டது அப்போதுதான்.

உடனே தெரியவந்தவை இரண்டு. பட்டியலில் இருந்தவர்களில் குறைந்தது பத்தில் ஒருவர் ஆளே இல்லை, போன் வாங்கிக்கொள்ள யாரும் வரவில்லை. இருந்தவர்களுக்கோ, மேலே சொன்னபடி, சம்பளம் திடீரென்று கூடியது.

அப்புறம் நடந்ததுதான் இந்தச் சோதனையிலேயே முக்கியமானது. தன் பங்கு வராமல் போனதில் கோபப்பட்ட ஒரு தளபதி, தனக்குக் கீழே இருந்தவர்களின் போன்களையும் ரகசிய எண்களையும் வாங்கி வைத்துக்கொண்டு, அவர்கள் சம்பளத்தைத் தானே எடுக்க முகவரிடம் போனார். பணம் போகும் குழாயை மாற்றிவிட்டோம், குழாய் முடியும் இடத்தில் அதே ஆள் நிற்கிறார். தொழில்நுட்பம் அவரை மறைவிலிருந்து வெளியே கொண்டுவந்தது, அது பெரிய லாபம்தான், ஆனால் துப்பாக்கியோடு நிற்கும் மேலதிகாரி போனைக் கொடு என்றால் கொடுக்க மாட்டேன் என்று சொல்லும் தெம்பை அது யாருக்கும் கொடுக்கவில்லை.

சோதனை வெற்றி என்று எல்லோரும் சொன்னார்கள், பல மாநாடுகளில் எடுத்துக்காட்டப்பட்டது. ஆனால் நாடு முழுக்கப் போகவில்லை. செல்போன் வலை எல்லா இடத்திலும் இல்லை, முகவர்களிடம் போதிய ரொக்கம் இல்லை என்பதெல்லாம் உண்மையான தடைகள்தான். அதே சமயம், இது பரவினால் யாருடைய வருமானம் போகுமோ அவர்கள்தான் இதைப் பரப்பும் உத்தரவை நிறைவேற்ற வேண்டியவர்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

2015: தணிக்கை கண்டது

ஆப்கன் மறுசீரமைப்புச் செலவைக் கண்காணிக்க 2008-ல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சிறப்புத் தணிக்கை அலுவலகத்தை ஏற்படுத்தியது, சுருக்கமாக சிகார். அது 2015 ஜனவரியில் போலீஸ் சம்பளம் பற்றியும் அதே வருடம் ஏப்ரலில் ராணுவச் சம்பளம் பற்றியும் இரண்டு அறிக்கைகள் வெளியிட்டது.

போலீஸ் அறிக்கையில் முக்கியமான தகவல் இது: கிட்டத்தட்ட 20 சதவீதம் போலீஸ்காரர்கள் இன்னும் மோத்தமெத் கையால் ரொக்கமாகத்தான் வாங்கிக்கொண்டிருந்தார்கள், அந்த வழியில் ஒருவர் சம்பளத்தில் 50 சதவீதம் வரைகூட இடையில் போகலாம் என்று நிதி கொடுக்கும் தரப்பு அதிகாரிகளே தணிக்கையாளர்களிடம் சொன்னார்கள். வருகைப் பதிவு வேறு, ஆள் விவரப் பதிவு வேறு, சம்பளக் கணக்கு வேறு என்று தனித்தனியாகக் கிடந்தன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கையால் பார்த்து எழுதினார்கள். ராணுவத்திலும் இதே நிலை, வருகை எடுக்கும் இடத்தில் வெளி ஆள் யாரும் இல்லை.

இதற்குச் சில மாதங்கள் முன்புதான் ஈராக்கில் ஒரு பெரிய பாடம் கிடைத்திருந்தது. 2014 ஜூனில் மோசுல் நகரம், தாக்க வந்தவர்களைவிடப் பல மடங்கு படை காகிதத்தில் இருந்தும், சில நாட்களில் விழுந்தது. அந்த வருடக் கடைசியில் ஈராக் பிரதமர் நாடாளுமன்றத்தில் சொன்னார்: நான்கு படைப்பிரிவுகளில் மட்டும் 50,000 பெயர்கள் பொய். ஈராக்கியர்கள் இவர்களைக் குறிக்க ஃபதாயீன், அதாவது விண்வெளிவாசிகள் என்றார்கள். பலர் நிஜ மனிதர்கள்தான், பாதிச் சம்பளத்தைத் தளபதிக்கு விட்டுக்கொடுத்துவிட்டு வீட்டிலேயே இருந்தவர்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் ஊரில் சொல்வோமே, அதை ஒரு நகரத்தின் விலை கொடுத்துக் கற்றார்கள். ஆப்கானிஸ்தானில் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள் இதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

ஹெல்மண்ட், 2015–16

தெற்கே ஹெல்மண்ட் மாகாணத்தில் 2015-ல் நிலைமை கெட்டது. ஆகஸ்டில் மூசா கலா மாவட்டம் கைவிட்டுப் போனது, டிசம்பரில் சங்கின் மாவட்டம் முற்றுகைக்குள் இருந்தது. மாகாணத் துணை ஆளுநர் ஜனாதிபதிக்கு ஃபேஸ்புக்கில் திறந்த கடிதம் எழுதினார், இரண்டு நாளில் 90 பேரை இழந்துவிட்டோம், ஹெல்மண்ட் விழப்போகிறது என்று. ஒரு துணை ஆளுநர் தன் ஜனாதிபதியிடம் பேச ஃபேஸ்புக்கைத் தவிர வேறு வழி இல்லாமல் போனதைப் பார்க்கும்போது, கீழேயிருந்து உண்மை மேலே போகும் பாதை எவ்வளவு அடைபட்டிருந்தது என்று புரிகிறது.

2016 தொடக்கத்தில் மாகாண சபையின் தலைவர் வெளிப்படையாகச் சொன்னார்: பட்டியலில் உள்ள படையில் சுமார் 40 சதவீதம் பேர் இல்லை. களத்தில் நூறு பேர் என்று நாம் சொன்னால் நிஜத்தில் முப்பதோ நாற்பதோதான் என்று ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் சொன்னார்.

இந்த எண்ணிக்கையை வெறும் திருட்டுக் கணக்காகப் படிக்கக் கூடாது. இருபது பேர் இருக்கிறார்கள் என்று நம்பித்தான் அந்தச் சாவடிக்கு இடம் குறிக்கப்படுகிறது, பக்கத்துச் சாவடிக்கு எவ்வளவு தூரம் விடலாம் என்று தீர்மானிக்கப்படுகிறது, உதவிப் படை எங்கே இருக்க வேண்டும் என்று திட்டமிடப்படுகிறது. ராத்திரி தாக்குதல் வரும்போது அங்கே இருக்கிற பன்னிரண்டு பேர் இருபது பேருக்கான சுவரைக் காக்கிறார்கள். விடுப்பும் கிடைக்காது, மாற்ற ஆள் இருந்தால்தானே விடுப்பு. அப்படி நின்று செத்தவர்கள் நிஜமானவர்கள். 2014 செப்டம்பருக்குப் பிறகு 45,000-க்கும் மேற்பட்ட படையினர் இறந்திருக்கிறார்கள் என்று 2019 ஜனவரியில் ஆப்கன் ஜனாதிபதியே சொன்னார். ஆப்கன் படை சண்டை போடவே இல்லை என்று பின்னாளில் சுலபமாகப் பேசியவர்கள் இந்த எண்ணை ஒரு தடவை பார்த்திருக்கலாம்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

2016 ஆகஸ்டில் சிகார் தலைவர் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சருக்குக் கடிதம் எழுதினார், இல்லாத சிப்பாய்களுக்குப் பணம் போகாமல் இருக்க என்ன செய்கிறீர்கள் என்று கேட்டு. அதற்குப் பிறகு நடந்தது மூன்று வகை.

முதலாவது, கைரேகையும் கண்மணிப் பதிவும் எடுத்து உறுதி செய்யப்பட்டவருக்கு மட்டுமே அமெரிக்கப் பணம் என்ற விதி. 2017 ஜனவரி முதல் 30,000-க்கும் அதிகமான சந்தேகப் பெயர்களுக்கான சம்பளத்தை அமெரிக்கா நிறுத்தியது. நல்ல முடிவு, தைரியமான முடிவும்கூட. ஏனென்றால் சண்டை நடக்கும்போது சம்பளத்தை நிறுத்தினால், பதிவு மையம் வரைக்கும் வர வழியில்லாமல் சாவடியிலேயே மாட்டிக்கொண்ட நிஜச் சிப்பாய் ஒருவரின் குடும்பமும் பட்டினி கிடக்கும் ஆபத்து இருந்தது. அதையும் தாங்கித்தான் செய்தார்கள்.

ஆனால் கைரேகை எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்று பாருங்கள். இப்படி ஒரு மனிதர் உண்டா, அவர் இவர்தானா என்ற கேள்விக்கு அது சரியான பதில் தரும். இன்றைக்கு அவர் சாவடியில் நிற்கிறாரா, போன மாதம் ஓடிவிட்டாரா, உயிரோடு இருக்கிறாரா என்பது அதற்குத் தெரியாது. ஒருமுறை ரேகை வைத்தவர் அடுத்த வாரமே இறந்தாலும் பட்டியலில் உறுதி செய்யப்பட்டவராகவே இருப்பார், இறந்துவிட்டார் என்று எழுத வேண்டிய ஆள் எழுதும் வரை. எழுத வேண்டிய ஆள் யார்? தளபதி.

இரண்டாவது, ஆட்களை மாற்றுவது. ஹெல்மண்டில் இருந்த 215-வது படைப்பிரிவு 2016-ல் அமெரிக்க ஆலோசகர்களின் உதவியோடு கிட்டத்தட்ட மறுபடியும் கட்டப்பட்டது, தலைமையும் மாற்றப்பட்டது. அப்படிச் சீர்செய்யக் கொண்டுவரப்பட்ட தளபதியே 2017 மார்ச்சில் ஊழல் வழக்கில் கைதானார். குற்றச்சாட்டுகளில் சிப்பாய்களின் சாப்பாட்டுக் காசும் அடக்கம். அவர் மோசமான ஆள் என்று சொல்லி முடித்துவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. வருகைப் பதிவு, சாப்பாட்டுக் காசு, நியமனம் எல்லாமே ஒரே நாற்காலியில் இருந்து நடந்தன, நாற்காலியில் இருந்தவரை மட்டும் மாற்றினார்கள்.

மூன்றாவது, புதிய கணினி முறை. ஆள் விவரம், பதவி, சம்பளம் மூன்றையும் ஒரே இடத்தில் இணைப்பது திட்டம். தஷ்கீலில் இடம் இருந்தால்தான் ஆள் சேர முடியும், ஆள் பதிவு இருந்தால்தான் சம்பளம் உருவாகும் என்பது அதன் அடிப்படை யோசனை, யோசனையில் எந்தக் குறையும் இல்லை. 2019 நடுவில் படை எண்ணிக்கையைப் பிரிவுகள் தாமாகச் சொல்லும் கணக்கிலிருந்து எடுக்காமல் இந்தக் கணினியிலிருந்து எடுத்தபோது, மொத்தம் சுமார் 2,72,000 என்று வந்தது. முந்தைய கணக்கைவிடச் சுமார் 42,000 குறைவு. அத்தனை பேரும் ஒரே காலாண்டில் ஓடிப்போகவில்லை. எண்ணும் விதத்தை மாற்றியதும் காணாமல் போனவர்கள் அவர்கள்.

இதற்கு நடுவில் எடுக்கப்பட்ட இன்னொரு முடிவைத் தவறு என்றே சொல்வேன். 2017-ல் ஆப்கன் அரசின் கோரிக்கையின்பேரில் படை எண்ணிக்கை, உயிரிழப்பு, வெளியேறியவர் விகிதம் போன்றவற்றை அமெரிக்கப் படைத் தலைமை ரகசியமாக்கியது. எதிரிக்குத் தெரியக் கூடாது என்பது சொன்ன காரணம். எந்தச் சாவடியில் எத்தனை பேர் என்பதை மறைப்பதில் நியாயம் உண்டு. நாடு முழுக்க மொத்தம் எத்தனை பேர் என்பதை மறைத்தால் எதிரிக்கு ஒன்றும் நஷ்டமில்லை, சாவடிக்கு எதிரே இருப்பவர்களுக்கு உள்ளே எத்தனை பேர் என்று நம்மைவிட நன்றாகவே தெரியும். நஷ்டமெல்லாம் ஆப்கன் மக்களுக்கும், அவர்கள் பத்திரிகைகளுக்கும், காசு கொடுத்த நாடுகளின் மக்களுக்கும்தான். சில எண்களைப் பிறகு மறுபடி வெளியிட்டார்கள், எல்லாவற்றையும் அல்ல.

என்ன ஆனது

2021 கோடையில் அதிகாரபூர்வக் கணக்கு சுமார் மூன்று லட்சம். ஆகஸ்ட் 13-ல் ஹெல்மண்டின் தலைநகர் லஷ்கர்கா முழுசாக விழுந்தது, 15-ல் காபூல்.

விழுந்ததற்குக் காரணம் இல்லாத சிப்பாய்கள் மட்டும்தான் என்று நான் சொல்ல மாட்டேன். வெளிநாட்டுப் படைகள் விலகியது, விமானங்களைப் பராமரித்த ஒப்பந்த ஆட்கள் போனது, தோட்டாவும் சாப்பாடும் சாவடிகளுக்குப் போகாமல் நின்றது, தாலிபானோடு மாவட்டம் மாவட்டமாக நடந்த பேரம் எல்லாமே சேர்ந்ததுதான் அந்தச் சரிவு. ஆனால் மூன்று லட்சம் என்ற எண்ணை நம்பி, இத்தனை பேர் இருக்கும்போது எப்படி விழும் என்று உலகத் தலைவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்த நவம்பரில், காபூல் விழுவதற்குச் சில நாள் முன்பு பதவி விலகி வெளியேறியிருந்த நிதியமைச்சர் பிபிசியிடம் பேசினார். பட்டியலில் இருந்த மூன்று லட்சத்தில் பெரும்பாலோர் இல்லவே இல்லை என்றார். இறந்தவர்களின் பெயரை அடிக்காமல், அவர்களின் வங்கி அட்டையைச் சில தளபதிகள் கையில் வைத்துக்கொண்டு மாதாமாதம் சம்பளத்தை எடுத்தார்கள் என்றார். அவர் சொன்ன அளவு மிகையாக இருக்கலாம், தோல்விக்குப் பிறகு பேசும் அமைச்சருக்குப் பழியைத் திருப்பிவிடும் ஆசை இருக்கும், அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் வங்கி அட்டை பற்றி அவர் சொன்னதைக் கேட்டபோது எனக்கு வர்தக் தளபதிதான் ஞாபகத்துக்கு வந்தார். 2009-ல் போனும் ரகசிய எண்ணும், பன்னிரண்டு வருடம் கழித்து வங்கி அட்டை.

2022 ஜூலையில் சிகார் ஒரு கணக்குப் பார்த்தது. கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டிய அந்தக் கணினி முறையைப் பாதுகாப்பு அமைச்சகச் சம்பளம் போட உத்தேசித்தபடி பயன்படுத்தவே இல்லை என்றது அறிக்கை. ஆள் கணக்கு கணினியில் ஒரு பக்கம் இருக்க, சம்பளம் வேறு தாளில் போடப்பட்டது. சரியானவர்களுக்குத்தான் போனதா என்று சொல்ல முடியாத சம்பளத் தொகை 23.2 கோடி டாலர்.

எதை மாற்றியிருக்கலாம்

காங்கோ ஜனநாயகக் குடியரசில் 2005-லிருந்து ஓர் ஐரோப்பிய ஒன்றியக் குழு இதே பிரச்சினையை வேறு முனையிலிருந்து தொடங்கியது. அங்கேயும் போர் முடிந்தபோது பட்டியலில் இருந்தவர்களைவிட நிஜத்தில் இருந்த சிப்பாய்கள் மிகக் குறைவு. அவர்கள் முதலில் கையில் எடுத்தது, சம்பளச் சங்கிலியைக் கட்டளைச் சங்கிலியிலிருந்து பிரிப்பது. பணம் கொண்டுபோகிறவர் தளபதிக்குக் கீழ்ப்பட்டவராக இருக்கக் கூடாது. கூடவே முகாம் முகாமாகப் போய் ஆட்களை எண்ணி அடையாள அட்டை கொடுத்தார்கள், மிச்சமான பணத்தை நிஜச் சிப்பாய்களின் சம்பளத்தை உயர்த்தப் பயன்படுத்த வேண்டும் என்று திட்டமிட்டார்கள். காங்கோ ராணுவத்தின் மற்றக் குறைகள் எல்லாம் அப்படியே இருந்தன, அதனால் அதை வெற்றிக் கதை என்று கொண்டாட முடியாது. ஆனால் தொடங்கிய இடம் சரி.

ஆப்கானிஸ்தானில் எல்லாம் சரியாகச் செய்ய நேரமும் பாதுகாப்பும் இருக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அப்படியும், கைரேகைக்கும் கணினிக்கும் செலவழித்ததில் ஒரு சின்னப் பங்கை எண்ணுவதற்கென்றே ஒரு தனிக் குழுவுக்குச் செலவழித்திருக்கலாம். சொல்லாமல் கொள்ளாமல் ஹெலிகாப்டரில் இறங்கி, தலையை எண்ணி, சொந்தக் கணக்கைத் தளபதி வழியாகப் போகாமல் நேராக நிதியமைச்சகத்துக்கு அனுப்பும் குழு. மாதம் பத்து முகாம் பார்த்தால்கூடப் போதும், அடுத்தது எந்த முகாம் என்று தெரியாமல் இருந்தால் சரி.

இறப்பைப் பதிவு செய்வதைத் தளபதியிடமிருந்து எடுத்திருக்க வேண்டும். ராணுவ மருத்துவமனைக்கும், உடலைக் குடும்பத்திடம் ஒப்படைக்கும் அதிகாரிக்கும் பெயரை நேராக நிறுத்தும் அதிகாரம் இருந்திருந்தால் இறந்தவரின் வங்கி அட்டை அன்றைக்கே செத்திருக்கும். அதே நாளில் அந்தக் குடும்பத்துக்கு உதவித்தொகை தொடங்கினால்தான் இது நியாயமாகவும் நடக்கும், இல்லாவிட்டால் குடும்பமே மரணத்தை மறைக்க வேண்டிய நிலை வரும்.

ஆள் குறைவு என்று உண்மையைச் சொல்லும் தளபதிக்குத் தண்டனை கிடைக்காமல் பார்த்திருக்க வேண்டும். அன்றைய ஏற்பாட்டில் எட்டுப் பேர் ஓடிவிட்டார்கள் என்று எழுதியவருக்குக் கிடைத்தது குறைந்த சாப்பாட்டுக் காசு, குறைந்த எரிபொருள், மேலிருந்து திட்டு. உடனே மாற்று ஆள் வரும் என்ற நம்பிக்கை இருந்திருந்தால் நேர்மையான தளபதிகளாவது எழுதியிருப்பார்கள், அவர்களும் இருந்தார்கள். பணம் கொடுக்கும் நாடும் 3,52,000 நிரம்பியதா என்று கேட்பதை விட்டுவிட்டு, போன மாதம் எத்தனை பெயரை அடித்தீர்கள் என்று கேட்டிருக்கலாம். வருடத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆட்கள் போகிற படையில் ஒரு பிரிவு மாதக்கணக்கில் ஒரு பெயரைக்கூட அடிக்கவில்லை என்றால், அங்கேதான் அந்த ஹெலிகாப்டர் முதலில் இறங்க வேண்டும்.

செல்போன் சம்பளத்தை மறுபடி எங்காவது செய்கிறவர்களுக்கு ஒன்று. வர்தக்கில் சம்பளம் வந்ததும் போன் தாரியிலும் பஷ்தோவிலும் தொகையைச் சொன்னது. அந்தக் குரல் அதோடு நின்றுவிடக் கூடாது. உங்கள் போனையோ ரகசிய எண்ணையோ யாராவது கேட்டார்களா, கேட்டிருந்தால் ஒன்றை அழுத்துங்கள் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த அழுத்தம் மாகாணத்துக்கு வெளியே, அந்தத் தளபதியின் இடமாற்றத்திலோ பதவி உயர்விலோ எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒருவரின் மேசைக்குப் போக வேண்டும். அழுத்தியது யார் என்று தளபதிக்குத் தெரியாதபடி, ஒரு சாவடியிலிருந்து குறைந்தது மூன்று பேர் அழுத்திய பிறகே அந்த மேசை விசாரணையைத் தொடங்க வேண்டும்.